சேட்டர் வீதியில் ஞாயிற்றுக்கிழமை

ஹாங்காங் நகரில் பெரிய பாங்கிகளின் நடுவே சேட்டர் வீதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வண்டிகள் ஓடுவதில்லை. அன்று நாம் கண்டது, வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன் தேசத்து ஸ்திரீகளின் நடனக் கூட்டம். ‘சா-சா-சா’ தாளத்துக்கு ஜோடி ஜோடியாக ஆடிப் பழகினார்கள். அடி தவறியவளைத் தோழி கைபிடித்துத் திருத்தினாள்.

இதற்கு நடுத்தெருவா இடம் என்று கேட்கலாம். எஜமானர் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது 2003-ம் வருஷம் முதல் அவ்வூர்ச் சட்டம். தனக்கென்று ஓர் அறை எடுக்க வழியில்லை. ஏழு நாளில் ஒரு நாள்தான் ஓய்வு. ஆறு நாள் பிறர் ஏவலுக்கு ஓடிய கால்கள் அன்று தம் இஷ்டப்படி ஆடுகின்றன. இடையிடையே தாய்மொழிப் பேச்சு, ஊர்ச் சாப்பாடு, வீட்டுக் கடிதச் செய்தி!

மாலையில், விரித்திருந்த அட்டைகளை மடித்துவிட்டு எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். அடுத்த ஞாயிறு சீக்கிரம் வரட்டும் என்று வாழ்த்திவிட்டு நாமும் நடந்தோம்.