மன்தேகா இருக்கா?



டெக்ஸாஸ் பக்கம் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிற உம்மாமார் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "காலைல அங்க என்னத்தச் சாப்பிடுற டீச்சர்?" நியாயமான கேள்விதான். பகலுக்கும் இரவுக்கும் ஹூஸ்டனில் ஹலால் கடைகள் தாராளம். ஆனால் காலை ஏழு மணிக்கு அவற்றில் பலதும் பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் திறந்திருப்பது மெக்சிகன் கடைகள். நம்மவர்கள் பன்றிக்குப் பயந்து அந்தப் பக்கமே போவதில்லை. எல்லாக் கடையும் அப்படியில்லை, கேட்கத் தெரிந்தால் போதும் என்பதுதான் என் பதில்.

ஹூஸ்டனில் இருக்கும் நானா, உம்மாவையும் என்னையும் மூன்று நாளைக்கு சான் அன்டோனியோவுக்குக் கூட்டிப் போனார். 2017இல் யுனெஸ்கோ உணவுக்கான படைப்பாக்க நகரம் என்று பட்டம் கொடுத்த ஊர் அது. உம்மா கைப்பையில் சீனிச்சம்பல் போத்தலோடும் கிரீம் கிரேக்கரோடும்தான் வந்தா.

கடை தேடுவதற்கு போனில் வரும் நட்சத்திரங்களை நான் பெரிதாக நம்பவில்லை. அது ஆற்றங்கரையில் சுற்றுலாக்காரர் வரிசையில் நிற்கும் இடத்துக்குத்தான் கூட்டிப் போகும். விடிய ஆறு மணிக்கே திறந்து, பகல் இரண்டு மணிக்குப் பூட்டுகிற சின்னக் கடையாகப் பாருங்கள். வாசலில் ஏணி கட்டிய வேலைக்காரர் வாகனங்கள் நிற்க வேண்டும். உள்ளே யாராவது மாவு உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: "தியெனே மன்தேகா?" மன்தேகா இருக்கா?

மெக்சிகோக்காரர் பேச்சில் மன்தேகா என்றால் பன்றிக் கொழுப்பு. மன்தேக்கியா என்றால் பட்டர். வால் கொஞ்சம் நீண்டால் ஹலால்! கோதுமை டோர்ட்டியாவிலும், மசித்துப் பொரித்த போஞ்சி விதையிலும் பழைய முறைப்படி மன்தேகாதான் சேரும். இப்போது பல கடைகளில் தாவரக் கொழுப்பு. எண்ணெய்க்கு அவர்கள் சொல்லும் 'அசெய்தே' நம் அரபு 'ஸைத்'தான். அரிசி அர்ரோஸ், சீனி அசூகர். ஸ்பெயினில் முஸ்லிம்கள் வாழ்ந்த காலத்தின் மிச்சம். குர்ஆன் மதரஸாவில் படித்த பிள்ளைக்கு அந்த மெனுவில் பாதி சொந்தக்காரர் மாதிரித் தெரியும்.

முதல் நாள் போன பளபளப்பான கடையில் கேட்டோம். பரிமாறுகிற பையன் உள்ளே போய் வந்து, "இல்லை என்று நினைக்கிறேன்" என்றான். கோப்பியோடு எழும்பி வந்துவிட்டோம். அடுத்த நாள் ஒரு சின்னக் கடை. கல்லடியில் நின்ற அம்மா நானா கேட்டு முடிக்க முதலே சொல்லிவிட்டா: போஞ்சியில் இருக்கு, கோதுமை ரொட்டியில் இல்லை, சோள ரொட்டியில் சோளமும் சுண்ணாம்பும் தண்ணீரும் மட்டும். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து அரைப்பது அவர்களுடைய ஆயிரக்கணக்கான வருடத்துப் பழக்கம்.

"தன்ட கையால செய்றவளுக்குத்தான் என்ன போட்டதெண்டு தெரியும்" என்றா உம்மா. மூன்று நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில் எனக்குத் தெரிந்ததும் அதுதான். உடனே பதில் வருகிற கடையில் ரொட்டி சுடச்சுட வந்தது. பக்கெற்றைப் புரட்டிப் பார்க்கிற கடையில் ரொட்டியும் பக்கெற் ருசிதான்.

பன்றி பொரித்த அதே கல்லில் முட்டை பொரித்தால்? வேறு சட்டியில் போடச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு முகம் சுளிக்காமல் செய்து தந்தார்கள். சொரீசோ பெரும்பாலும் பன்றி. சோறு, சில சோஸ்கள் கோழிச்சாற்றில் ஆக்கியிருக்கலாம், கேட்காமல் எடுக்க வேண்டாம். சனி, ஞாயிறில் மெனூதோ என்று ஒரு சூப் வரும். நம் பாபத்தேதான்! வாசம் இழுக்கும், ஆனால் அறுப்பு தெரியாத மாடு. நாங்கள் தொடவில்லை.

அப்போ என்ன சாப்பிட்டோம்? உவேவோஸ் ரஞ்சேரோஸ்: பொரித்த சோள ரொட்டியில் முட்டையை வைத்து, மேலே தக்காளியும் கொச்சிக்காயும் அரைத்த சோஸ். உருளைக்கிழங்கும் முட்டையும் சுருட்டிய டாக்கோ. சிலாக்கிலேஸ் என்பது மிஞ்சிய ரொட்டியை வெட்டிப் பொரித்து சோஸில் பிரட்டுவது. கொத்து ரொட்டியின் ஒன்றுவிட்ட தம்பி. சோஸில் கோழிச்சாறு இல்லையென்று அந்த அம்மா சொன்ன பிறகு நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். சீனிச்சம்பல் போத்தல் மூடி திறக்கவேயில்லை.

கடைசியாக மண்சட்டிக் கோப்பி வந்தது, கறுவாப்பட்டை போட்டுக் காய்ச்சியது. நம் நாட்டுக் கறுவாவை ஆக அதிகம் வாங்குகிறது மெக்சிகோதான். உம்மா மணந்து பார்த்துவிட்டு, "இது எங்கட" என்றா. நானா அதை ஸ்பானிய மொழியில் சொன்னதும் அந்த அம்மா உள்ளே போய் ஒரு பட்டையைக் கொண்டு வந்தா. உம்மா அதை வாங்கி விரலால் நொறுக்கிக் காட்டினா. அடுக்கடுக்காக உடைந்தது. கோப்பிக்குக் காசு வாங்கவில்லை.