சுங்கை பூலோவிலிருந்து சென்ற ஒரு கட்டுரை



ஓர் ஆய்வாளரின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது? பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இரண்டு எண்களைக் கேட்கின்றன. அவர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார் என்பது ஒன்று. அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்து, 2005ஆம் ஆண்டில் இயற்பியலாளர் ஹிர்ஷ் ‘எச்’ குறியீட்டை வகுத்தார். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் குறியீடு பத்து. ஒரே கட்டுரை எழுதியவருக்கோ, அதை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் குறியீடு ஒன்றுதான்!

இக்கணக்கைப் படிக்கும்போதெல்லாம், நம் நாட்டில் பிறந்த ஓர் ஆய்வுக் கட்டுரை என் நினைவுக்கு வரும்.

சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூவினத்தாரும் அங்கு வாழ்ந்தனர். டாப்சோன் மருந்து வந்த பிறகு பலர் குணமடைந்தனர். ஆயினும், முறையாக மருந்து பெற்ற சிலருக்கும் நோய் திரும்பியது. மாத்திரையை விழுங்காமல் விட்டனரா, அல்லது கிருமியே மருந்தை வென்றுவிட்டதா? அங்குப் பணியாற்றிய தோல் மருத்துவர் பெட்டிட், லண்டன் ஆய்வாளர் ரீஸ் ஆகிய இருவரும் இதற்கு விடை தேடினர். தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடக் குடுவையில் வளர்க்க இயலாது. எலியின் பாதத்தில் வளர்க்கலாம் என்பதை 1960ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஷெப்பர்ட் காட்டியிருந்தார். அவ்வழியில் சோதித்தபோது, மருந்து கொடுக்கப்பட்ட எலிகளிலும் கிருமிகள் பெருகின. ஐயம் தீர்ந்தது. 1964ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் அக்கட்டுரை வெளிவந்தது.

மேற்கோள்களைத் தொகுக்கும் அறிவியல் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு அமெரிக்காவில் வெளியிட்டதும் அதே 1964ஆம் ஆண்டில்தான். எனினும், இக்கட்டுரையின் உண்மையான பயனை அட்டவணையில் தேட வேண்டியதில்லை. ஒரு மருந்து மட்டும் போதாது என்ற அறிவு வலுப்பெற்று, 1981ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. அதன்பின் கோடிக்கணக்கானோர் குணமடைந்தனர். தம் தோலிலிருந்து கிருமியைத் தந்த நோயாளிகளின் பெயர்களோ எந்த மேற்கோள் பட்டியலிலும் இல்லை.

அறிவு ஏடுகளில் சேர்ந்துவிட்டது. நம் வீடுகளில் சேர்ந்ததா? சில ஆண்டுகளுக்கு முன், கெடாவின் தோட்டப்புறப் பள்ளியொன்றில் என் மாணவன் ஒருவனின் கன்னத்தில் வெளிறிய படை தோன்றியது. “டீச்சர், அந்தப் பையனை எம்பிள்ளை பக்கத்துல உட்கார வைக்காதீங்க” என்று ஒரு தாயார் வந்து கேட்டார். செய்தி பரவியது. பையன் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் காட்டியபோது, அது சாதாரணத் தேமல் என்றனர். தேமல் மறைந்தது, அவன் தனியே அமரும் பழக்கம் மறைய ஓராண்டு பிடித்தது.

பெற்றோர்களே, அது தொழுநோயாகவே இருந்திருந்தாலும் அவனை ஒதுக்கக் காரணம் இல்லை. கூட்டு மருந்து தொடங்கினால் பிறருக்குப் பரவும் தன்மை விரைவிலேயே நீங்கிவிடும். வெளிறிய அல்லது சிவந்த படையில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால், மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மறைப்பதால்தான் நரம்புகள் பாழாகி, உறுப்புகள் ஊனமடைகின்றன.

ஆசிரியர்களே, நம் மாணவர்கள் திரட்டேடு தயாரிக்கும்போது, “இச்செய்தியை எங்கிருந்து பெற்றாய்?” என்று கேட்போம். மேற்கோள் என்பது நன்றி கூறுதல். அதனோடு, “இதை யாருக்குச் சொல்லப் போகிறாய்?” என்றும் கேட்போம். முதல் கேள்வி மாணவனை ஆய்வாளனாக்கும். இரண்டாவது கேள்வியால் அந்த ஆய்வு தோட்டத்து வீட்டு வாசல் வரை வந்து சேரும்.