மலையிலிருந்து இறங்காத சொல்

வேடசந்தூர் வானம் பார்த்த பூமி. நிலக்கடலையும் புகையிலையும் முருங்கையும் விளையும் நிலம். நாளடைவில் நூற்பாலைகளும் பெருகிவிட்டன. சமவெளியில் வாழும் நமக்கும் மலைக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் அவ்வுறவு சிறிதன்று. நம் ஊர்வழி ஓடும் குடகனாறு கீழ்ப்பழனி மலையில் பிறந்து வருவது. நம் இல்லங்களில் பெருநாளன்று ஆக்கும் பிரியாணிக்கு மணமூட்டும் கல்பாசி, மலைப்பாறையிலும் மரப்பட்டையிலும் படர்வது. திண்டுக்கல்லில் நம்மவர் பலருக்குப் பிழைப்பளித்த தோல் பதனிடும் தொழிலுக்குக் கடுக்காய் வேண்டியிருந்தது. அதுவும் காட்டின் கொடையே.

இவற்றையும் மலைத்தேனையும் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்து வருவோர் மலைவாழ் மக்கள். பழனி மலையிலும் சிறுமலையிலும் வாழும் பளியர் அவருள் குறிப்பிடத்தக்கோர். சந்தையில் தேன் வாங்கும்போது, "கலப்பில்லாத தேன்தானா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். தேனடை எடுக்கக் கொடியில் தொங்கியவன் பெயர் என்ன, அவன் பிள்ளைக்குப் பள்ளி உண்டா என்று எவரும் கேட்டதாக நினைவில்லை. மலையிலிருந்து நீர் வந்தது, தேன் வந்தது, கல்பாசி வந்தது. மலைமகனின் சொல் மட்டும் இறங்கி வரவில்லை.

தமிழ் இலக்கியம் மலையை மறந்ததா எனின், இல்லை. ஐந்திணையுள் முதல் வைத்து எண்ணப்படுவது குறிஞ்சி. தினைப்புனம் காக்கும் குறமகளையும் தேனெடுக்கும் குறவனையும் பாடாத சங்கத் தொகைநூல் அரிது. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொன்னார் என்று வியந்து படிக்கிறோம். ஆயினும் அப்பாடல்களில் மலை, காதலுக்கு அமைந்த களம். மலைமக்களின் நிலம் பறிபோன கதைக்கு அங்கே இடமில்லை. பாடிய காலம் வேறு. பாட்டின் நோக்கமும் வேறு.

நம் காலத்தில் இக்குறையைத் தீர்க்க முற்பட்ட எழுத்தாளர் சிலர் உண்டு. ராஜம் கிருஷ்ணன் நீலகிரியில் தங்கி, படகர் சமூகத்தோடு பழகி எழுதிய 'குறிஞ்சித்தேன்' 1963இல் வெளிவந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக்கணக்காகக் கொண்டு, புதுவாழ்வு புகுந்த மலையூர்களின் மாற்றத்தை அந்நாவல் சொல்லும்.

அதன்பின் 2004இல் வந்த ஒரு நாவல் நம் உறக்கத்தைக் கெடுத்தது. பவானியில் வழக்கறிஞராகப் பணியாற்றும் ச. பாலமுருகன் எழுதிய 'சோளகர் தொட்டி' அது. தொட்டி என்பது சோளகர் வாழும் சிற்றூர். முதற்பகுதியில் காட்டையும் கடவுளையும் விளைநிலத்தையும் நம்பி வாழும் அம்மக்களின் வாழ்வும், சமவெளியார் சூழ்ச்சியால் நிலம் கைமாறும் அவலமும் விரிகின்றன. இரண்டாம் பகுதி, வீரப்பனைத் தேடிய தமிழக, கர்நாடக அதிரடிப்படைகளின் சித்திரவதைக் கூடங்களுக்குள் நம்மை இழுத்துச் செல்கிறது. தேடப்பட்டவன் காட்டில் இருந்தான். அடிபட்டவர்களோ தொட்டியில் இருந்தார்கள்.

இது கற்பனை மிகுதி என்று ஒதுக்கிவிட இயலாது. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக்குழு அமைத்தது. பாதிக்கப்பட்டோரில் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2007இல் ஆணையம் பரிந்துரைத்தது. ஆயினும் தொகையும் எண்ணும் ஏட்டில் கிடக்கும். கண்ணீர் ஏட்டில் ஏறாது. அதை ஏற்றிவைப்பதே இலக்கியத்தின் பணி. அப்பணியை அந்நாவல் செம்மையாகச் செய்துள்ளது என்பதில் ஐயமில்லை.

இருப்பினும் ஒரு வினா எஞ்சுகிறது. மலைமக்களைப் பற்றிப் பிறர் எழுதுவதே முடிந்த முடிபாகுமா? அவர்களே எழுதும் நாள் எந்நாள்?

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு நாட்டை நோக்குவது பயன்தரும். கனடாவின் தொல்குடிகளுள் பெரியது 'கிரீ' இனம். வேட்டையும் மீன்பிடிப்பும் கொண்டு வடபுலக் காடுகளில் வாழ்ந்த மக்கள் அவர்கள். 'நாகரிகம் கற்பிக்கிறோம்' என்ற பெயரில் அவர்தம் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். தலைமுடி மழிக்கப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசினால் தண்டனை. இக்கொடுமை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 2008இல் கனடா அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. 2015இல் உண்மை, நல்லிணக்க ஆணையம் அதனைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே தீர்ப்புரைத்தது.

ஆனால் மன்னிப்புக்குப் பத்தாண்டு முன்னரே இலக்கியம் சாட்சி சொல்லிவிட்டது. டாம்சன் ஹைவே என்பார் கிரீ இனத்தவர். சிறுவயதில் அத்தகைய பள்ளியில் பயின்றவர். 1998இல் அவர் எழுதிய நாவல், பெயரும் மொழியும் பறிக்கப்பட்ட இரு சகோதரர்களின் கதை. அப்பள்ளியில் அவர்கள் அடைந்த இழிவையும், பின்னர் இசையாலும் நடனத்தாலும் தம்மைத் தாமே மீட்டெடுக்க முயன்றதையும் அது கூறுகிறது. எந்த மொழியைக் கொண்டு தம் தாய்மொழியை அடக்கினார்களோ, அந்த ஆங்கிலத்திலேயே, இடையிடையே கிரீச் சொற்களைப் பெய்து, அவர் எழுதினார்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்திலும் இத்தகைய ஒருவர் இருந்தார். இடுக்கி மலையரையர் இனத்தில் பிறந்து, அஞ்சல் துறையில் பணிபுரிந்த நாராயண், மலையாளத்தில் 'கொச்சரேத்தி' என்னும் நாவலை 1998இல் வெளியிட்டார். தம் மக்களைப் பிறர் எழுத்துகள் அரக்கராகவும் அறிவிலிகளாகவும் காட்டியது பொறாமல் அவர் எழுதினார். கேரள சாகித்திய அகாடமி விருது அதற்குக் கிடைத்தது. 2022இல் அவர் மறைந்தார், நூல் நின்றது.

பிறர் எழுதிய உருவில் தன்னைக் காண நேர்வது என்ன துன்பம் என்பது நம் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. தமிழ்க் கதைகளிலும் திரைப்படங்களிலும் முஸ்லிம் என்றாலே குல்லாவும், உடைந்த தமிழும், 'நம்பள்' 'நிம்பள்' என்ற பேச்சுமாகக் காட்டிய காலம் உண்டு. நம் அத்தாமார்கள் அப்படிப் பேசியதில்லை. அவர்கள் பேசியது இம்மண்ணின் தமிழ். 1988இல் தோப்பில் முகம்மது மீரான் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யை நூலாக்கியபோதுதான், நம்மவர் பேச்சும் நம்மவர் குறைகளும் நம்மவர் கையாலேயே ஏட்டிலேறின. புகழ்ச்சி அன்று நாம் அதில் கண்டது, உண்மையை. அந்த நிறைவு நமக்குக் கிடைத்ததெனில், மலைமகளுக்கும் அது கிடைக்க வேண்டாமா?

எழுத்து என்பது எத்துணை எளிதில் நழுவக்கூடியது என்பதையும் நாம் அறிவோம். கிரீ மொழிக்கு 1840 அளவில் உருவான தனி எழுத்துமுறையை அம்மக்கள் இன்றும் போற்றிக் காக்கின்றனர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்களையோ, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் எழுத்துக்கூட்டியேனும் படிக்க வல்லவர்? வரிவடிவம் மறந்தால் வீட்டு அலமாரியிலுள்ள நூலும் அயலார் நூலாகிவிடும். வரிவடிவமே இல்லாத மலைமக்களின் கதைகளும் பாடல்களுமோ, முதியவர் ஒருவர் மறையும்போது அவரோடு மறைகின்றன.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்களின்மேல் மலைவாழ் மக்களுக்கு உரிமை உண்டென்று ஏற்றது. பொருளுக்கு உரிமை தரச் சட்டம் போதும். சொல்லுக்கு உரிமை தரச் சட்டம் மட்டும் போதாது; கேட்கும் செவியும் வேண்டும்.

அச்செவி நம் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். அடங்காத பிள்ளையைக் 'காட்டான்' என்று ஏசும் வழக்கம் சமவெளியெங்கும் உண்டு. அச்சொல்லை வீட்டை விட்டு விலக்குவது முதற்படி. 'சோளகர் தொட்டி' போன்ற நூல்களை வளர்ந்த பிள்ளைகளின் கையில் கொடுத்து, படித்தபின் அவர்களோடு அமர்ந்து பேசுவது அடுத்த படி. நாளை பளியர் குடிலிலிருந்து ஒரு பெண்பிள்ளை பேனா எடுத்தால், அவள் எழுதுவதை முதலில் வாங்கிப் படிப்போர் மலையடிவாரத்து ஊர்க்காரராகிய நாமாக இருத்தல் வேண்டும். அவள் நம்மைப் பற்றியும் எழுதுவாள். அதைப் பொறுமையோடு படிக்கும் மனத்தையும் இன்றே பழக்கிக்கொள்வோம்.