கண்டிச் சீமைக்கு நடந்த பாதை

தலைமன்னார் இறங்குதுறைக்கு எதிரே தனுஷ்கோடி இருக்கிறது. இடையில் 30 கிலோமீட்டர் அளவுக் கடலும் வரிசையாக மணல்திட்டுகளும். வானரங்கள் இராமனுக்குக் கட்டிய அணை என்கிறது ஒரு கதை. ஆதம் கடந்துபோன பாலம் என்கிறது இன்னொன்று. கடல்தாண்டி நடந்தவர்களின் கதைக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. நான் வந்தது, எந்தப் புராணமும் கண்டுகொள்ளாத நடைக்காரர்களின் வழியைப் பார்க்க.

1820களில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கங்காணிமார் ஆள் சேர்த்தார்கள். கண்டிச் சீமையில் செடித்தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைவரை நடை, ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் ஏட்டில் அதற்கு ‘வடக்குப் பாதை’ என்று பெயர். இன்றைய ஏ14 சாலையில் மதவாச்சிவரை போய், ஏ9இல் தெற்கே திரும்பினால் கிட்டத்தட்ட அதே திசைதான். நான் கொஞ்சம் நடந்தேன், மிச்சத்துக்கு பஸ் பிடித்தேன். மன்னார் வெயிலில் ஒரு மணி நேரம் நடந்து பார்த்தவர்கள் என்னைக் குறைசொல்ல மாட்டார்கள்.

மன்னார்த் தீவில் தெருவுக்குத் தெரு கழுதைகள். பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம், உயரத்தைவிடச் சுற்றளவு பெரிது. அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்கிறார்கள், கழுதைகளுக்கும் அதே கதைதான். பாலம் தாண்டி உள்நிலம் வந்தால் மாந்தை, பழைய மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இங்கேதான். மண்டோதரி பிறந்த ஊரும் இதுவே என்பது உள்ளூர் வழக்கு. ஆனால் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்துவிட்டார்கள். கோப்பிக்காலத்தில் அந்த இடம் காடு மூடிய மேடு. தேவாரத் தலத்துக்குப் பக்கத்தில் ஊர்ச்சாமி பேரைச் சொல்லிக்கொண்டே எத்தனையோ பேர் தெரியாமல் கடந்துபோயிருப்பார்கள்.

முருங்கனுக்கு அப்பால் வறண்ட காடு. பஸ்ஸில் தூங்கிப்போகிற தூரம்தான், இந்த வழியில் பலர் செத்ததும் இந்தத் தூரத்தில்தான். வாந்திபேதி, அம்மை, மலேரியா, தண்ணீரின்மை, யானை. விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்துவிடும். பிற்பாடு அரசு வழியில் கொட்டகைகளும் கிணறுகளும் ஆஸ்பத்திரிகளும் அமைத்தது. இறந்தவர் கணக்கில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. எண்ணி எழுத அன்று யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

மிகிந்தலையில் இறங்கிப் படியேறினேன். அசோகனின் மகன் மகிந்தர் தேவநம்பிய தீசனைச் சந்தித்த மலை. மான் வேட்டைக்கு வந்த அரசனிடம் துறவி கேட்டாராம்: இது என்ன மரம்? மாமரம். இதைத் தவிர வேறு மாமரம் உண்டா? நிறைய உண்டு. அந்த மாமரங்களையும் மற்ற மரங்களையும் தவிர்த்தால் வேறு மரம் உண்டா? இந்த மாமரம்தான் உண்டு என்றான் அரசன். புத்திக்காரன் என்று தெரிந்த பிறகே போதனை தொடங்கியது. மகாவம்சப்படி மகிந்தர் இங்கு வந்தது ஆகாய மார்க்கமாக. இந்தப் பாதையில் கால்வலி இல்லாமல் வந்துசேர்ந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கெக்கிராவையும் தம்புள்ளையும் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிடலாம். நாலந்த கெடிகே அப்படியல்ல. பல்லவர் கட்டுமானச் சாயலில் ஒரு சின்னக் கற்கோயில். மகாவலித் திட்டத்தில் நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகப் பிரித்து மேட்டில் அடுக்கினார்கள். காற்று குளிர்கிறது, மலை தொடங்கிவிட்டது.

மாத்தளைக்குச் சற்று முன்னால் அலுவிகாரை. கி.மு. முதல் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் வந்தபோது, மனப்பாடமாக ஓதிவந்த பிக்குகள் செத்துப்போனால் திரிபிடகமும் போய்விடுமே என்று பயந்து, இந்தப் பாறைகளுக்குள் உட்கார்ந்து ஓலையில் எழுதினார்கள். நடைக்காரர்களும் வாய்மொழிக்காரர்கள்தான். அவர்கள் பாட்டுகள் ஏட்டுக்கு வர, மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டக் குடியிருப்புகளில் லயம் லயமாகக் கேட்டுத் தொகுக்கவேண்டியிருந்தது.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் பெருந்தெருவிலேயே இருக்கிறது. மாசிமகத்துக்கு ஐந்து தேர் ஓடும். அம்மைக்கும் பேதிக்கும் தப்பி வந்தவர்கள் மாரியைக் கும்பிட்டதில் வியப்பில்லை. 1880இல் இந்த ஊருக்கு ரயில் வந்தது, முதலில் கோப்பி மூட்டைக்காக.

ஒன்றை மறந்துவிடுகிறோம்: கோப்பிக்காரர் பலரும் அறுவடை முடிந்ததும் இதே வழியில் ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. தேயிலை ஏறியது. தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும், அதனால் வந்தவர்கள் தங்கினார்கள். 1948இல் வந்த சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது.

2023இல், வருகையின் 200 ஆண்டை நினைத்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். ஜூலை 28இல் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் சேர்ந்தார்கள், 16 நாள். ஒப்பந்தத்தில் போனவர்கள் அதற்கு எதிர்த்திசையில் ஒரே இரவில் போய்விட்டார்கள். வழியனுப்ப வந்தவர்கள் ஸ்டேஷன்களில் கதறியதால் அந்த ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அது போய் நின்றது தலைமன்னார் இறங்குதுறையில்.