மல்லேஸ்வரத்து மனையும் லண்டன் வாடகையும்

மல்லேஸ்வரத்தின் குறுக்குத் தெருக்களில் நடந்தால் இரும்புக் கேட்டுகளில் ஓர் அட்டை தொங்குவதைப் பார்க்கலாம்: 'மனெ பாடிகெகெ'. வீடு வாடகைக்கு என்று அர்த்தம். கன்னடத்தில் மனெ என்றால் வீடு. தமிழில் மனை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வீடு கட்டும் நிலம். ஒலி ஏறக்குறைய ஒன்றுதான். பொருளில் கொஞ்சம் வித்தியாசம். பெங்களூரின் இந்தப் பழைய பேட்டையிலிருந்து குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்களின் பணக் கணக்கு இந்த வித்தியாசத்தில்தான் சிக்கிக்கொள்கிறது.

குடிபெயர்ந்தவர்களுக்காகவே உருவான இடம் இது. 1898-இல் பிளேக் நோய் பெங்களூரைத் தாக்கியபோது, நெரிசல் மிகுந்த பழைய நகரத்திலிருந்து மக்களை வெளியே கொண்டுவரப் புதிய பேட்டைகள் தேவைப்பட்டன. வடக்கே மல்லேஸ்வரம், தெற்கே பசவனகுடி. அகலமான சாலைகள், அளந்து பிரித்த மனைகள், வீட்டுக்குப் பின்னால் துப்புரவுக்கென்று ஒரு சந்து. அப்போது மைசூர் திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர். பேட்டைக்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் கோயில் அதற்கும் மூத்தது. 1669-இல் அந்தக் கோயிலுக்குக் கிராமத்தை மானியமாக எழுதி வைத்தவர் ஏகோஜி. பிறகு தஞ்சாவூரில் மராத்தியர் ஆட்சியைத் தொடங்கிவைத்த அதே ஏகோஜிதான். திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்தார். அவரது 'பஞ்சவடி' இல்லமும் மல்லேஸ்வரத்தில்தான் இருக்கிறது. தமிழர்களுக்கு இங்கே அந்நியம் தெரிவதில்லை.

செண்பகத்தின் பெயரில் ஒரு சாலை, சம்பிகெ ரோடு. வேம்பின் பெயரில் இன்னொன்று, மார்கோசா ரோடு. 8-வது கிராஸ் கடைத்தெருவில் பூவும் காய்கறியும் நடைபாதை வரை வழியும். சி.டி.ஆரில் வெண்ணெய் தோசைக்கும், வீணா ஸ்டோர்ஸில் இட்லிக்கும் காலையிலேயே கூட்டம். 2010-இல் பெரிய மால் வந்தது. 2014-இல் மெட்ரோ ரயில் வந்தது. பழைய ஓட்டு வீடுகள் பலவும் கட்டுமான நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன. மிஞ்சியிருக்கும் தனி வீடுகள் சிலவற்றில் வயதான தம்பதி மட்டும் இருக்கிறார்கள். மகன் ஒரு நாட்டில், மகள் இன்னொரு நாட்டில். இன்னும் சில வீடுகளில்தான் அந்த அட்டை தொங்குகிறது.

அட்டை மாட்டிவிட்டுப் போகிற குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். நாற்பதுக்கு அறுபது மனை, அதாவது 2,400 சதுர அடி. சதுர அடி 20,000 ரூபாய் என்றால் நிலம் மட்டும் 4 கோடியே 80 லட்சம். அதன் மேல் இருக்கும் பழைய வீட்டுக்கு மாத வாடகை 60,000 என்றால் ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். நிலத்தின் விலையில் இது ஒன்றரை சதவீதம். அதே தொகை வங்கியில் நிரந்தர வைப்பில் இருந்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு வட்டி வரும். மனை கோடீஸ்வரன், மனெ சாதாரண குமாஸ்தா.

இப்போது லண்டனுக்குப் போவோம். அங்கே சராசரி மாத வாடகை 2025-இல் 2,200 பவுண்டைத் தாண்டிவிட்டது. பவுண்டு 115 ரூபாய் என்று கொண்டால் இரண்டரை லட்சத்துக்கும் மேல். வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸை அங்கே பெரும்பாலும் குடியிருப்பவரே கட்ட வேண்டும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு தனி. இங்கிருந்து வரும் 60,000 ரூபாய் அந்த வாடகையில் ஒரு வாரத்துக்குத்தான் தேறும்.

அதுவும் முழுதாகப் போய்ச் சேராது. வீட்டுக்காரர் வெளிநாட்டுவாசி ஆகிவிட்டால், வாடகை கொடுப்பவர் 30 சதவீத வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் தர வேண்டும் என்பது இந்தியச் சட்டம். செஸ் சேர்த்து 31.2 சதவீதம். 60,000 ரூபாயில் கைக்கு வருவது 41,280. லண்டன் வாடகையில் ஐந்து நாள் கணக்கு. உண்மையில் கட்ட வேண்டிய வரி இதைவிடக் குறைவாக இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து மீதியைத் திரும்பப் பெறலாம். முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழும் வாங்கலாம். ஆனால் மாதா மாதம் பணத்தை எதிர்பார்க்கும் குடும்பத்துக்கு அடுத்த ஆண்டு வரும் ரீஃபண்டு அவசரத்துக்கு உதவாது. இந்தப் பிடித்தம் தன் பொறுப்பு என்பது வாடகைக்கு வருபவருக்குத் தெரியாமல் இருப்பதும் சகஜம். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது.

அடுத்தது அட்வான்ஸ். பெங்களூருக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் முதலில் மலைப்பது இந்த இடத்தில்தான். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கே நெடுநாள் வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருபவர்களும் உண்டு. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. ஆனால் மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும் இடம் விட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய டெபாசிட்டும் வீட்டுக்காரரின் பையில் கேட்பாரற்றுக் கிடக்க முடியாது; அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் 30 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். 2,200 பவுண்டு வீட்டுக்கு டெபாசிட் சுமார் 2,540. முதல் மாத வாடகையையும் சேர்த்தால் 4,740 பவுண்டு. ரூபாயில் ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

மல்லேஸ்வரத்து வீட்டுக்குக் கிடைக்கும் பத்து மாத அட்வான்ஸ் 6 லட்சம். இரண்டு தொகையும் அருகருகே நிற்பதுதான் ஆபத்து. இங்கே வாங்கிய பணத்தைக் கொண்டே அங்கே கதவைத் திறந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 6 லட்சம் வருமானமல்ல, கடன். வாடகைக்கு வந்தவர் எட்டாவது மாதத்தில் வேலை மாற்றலாகிக் காலி செய்தால் உடனே எண்ணி வைக்க வேண்டும். அப்போது லண்டன் டெபாசிட்டைத் திரும்ப எடுக்க முடியாது. புதிய வாடகைக்காரர் கிடைக்கும் வரை பழையவரை அலைக்கழிப்பது, அல்லது ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பெற்றோரின் சேமிப்பில் கை வைப்பது, இரண்டில் ஒன்றுதான் வழி. அட்வான்ஸை அப்படியே வைப்பு நிதியில் போட்டுவிட்டுப் போவதே மரியாதை.

நாட்டுக்கு நாடு கதவுக் கட்டணத்தின் முகம் மாறுகிறது. ஜெர்மனியில் டெபாசிட் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதையும் மூன்று தவணையில் கட்டலாம். விளம்பரத்தில் காணும் 'குளிர் வாடகை'யில் வீட்டைச் சூடாக்கும் செலவு சேராது. பல வீடுகளில் சமையலறை என்பது வெறும் சுவரும் குழாயும்தான். அலமாரியும் அடுப்பும் நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் டெபாசிட் ஒரு மாத வாடகை மட்டுமே. சிறு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இரண்டு மாதம் வரை அனுமதி. ஆனால் அங்கே புதிதாக இறங்கியவருக்குக் கடன் வரலாறு கிடையாது. மல்லேஸ்வரத்தில் ஐந்து கோடிக்கு மனை இருப்பதை வீட்டுத் தரகர் பொருட்படுத்த மாட்டார். அவர் கேட்பது சம்பளச் சீட்டு. துபாயில் ஆண்டு வாடகையைச் சில பின்தேதியிட்ட காசோலைகளாக முன்கூட்டியே கொடுத்துவிடுவது வழக்கம்.

பெங்களூரின் 'லீஸ்' முறைக்குத் தென் கொரியாவில் உறவு உண்டு. நம் ஊர்களில் ஒத்தி என்பது போல, பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது தொகையைத் திரும்பப் பெறுவது. கொரியாவில் இதற்கு 'ஜொன்ஸே' என்று பெயர். அங்கே வீட்டுக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தராமல் ஏமாற்றிய வழக்குகள் பெருகி, பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-இல் தனிச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. வீடு ஏற்கனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் லீஸுக்குப் பணம் கொடுப்பது எந்த ஊரிலும் சூதாட்டம்தான்.

இத்தனைக்கும் பிறகு வரும் கேள்வி: விற்றுவிடலாமா? இங்கே நேரத்துக்கும் விலை உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை இந்தியாவில் வசிப்பவர் விற்றால், பணவீக்கச் சலுகையில்லாமல் 12.5 சதவீதம், சலுகையோடு 20 சதவீதம் என்ற இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். வெளிநாட்டுவாசி ஆகிவிட்டவருக்கு இந்தத் தேர்வு இல்லை. விற்ற பணத்தை வெளியே கொண்டுபோகவும் நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற வரம்பு இருக்கிறது. ஆகவே போவதற்கு முன்பா, போன பிறகா என்பதை விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கணக்காளரிடம் கேட்டுவிட வேண்டும்.

வீடு பெற்றோர் பெயரில் இருந்தால் கேள்வி இன்னும் கடினம். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மருத்துவரிடமும் நடந்தே போய்ப் பழகியவர்களை, வீட்டை விற்றுவிட்டு நகரின் ஓரத்தில் பதினான்காவது மாடிக்குக் குடியேறச் சொன்னால் அதுவும் ஒரு வெளிநாட்டுப் பயணம்தான். காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே 1997-இல் மண்ணைத் தோண்டியபோது நந்தி தீர்த்தம் வெளிப்பட்டது. நெடுங்காலம் மண்ணுக்கடியில் கிடந்தது அது. மனையும் அப்படிக் காத்திருக்கும். அவசரம் மனைக்கு இல்லை, மனெக்குத்தான்.

அங்கே கட்டப்போகும் வாடகையை அங்கே வாங்கப்போகும் சம்பளத்தை வைத்து மட்டுமே நிர்ணயிப்பதும், இங்கே வரும் வாடகையை வீட்டின் பராமரிப்புக்கும் பெற்றோரின் செலவுக்கும் ஒதுக்கிவிடுவதும், விற்பனைப் பேச்சை ஓராண்டு தள்ளிப்போடுவதும் விவேகம். ஓராண்டில் குழந்தைகளுக்குப் பள்ளி பிடித்துவிட்டதா, வேலை நிலைக்குமா, குளிரைத் தாங்க முடிகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். திரும்பி வர நேர்ந்தால், விற்ற விலைக்கு மல்லேஸ்வரத்தில் மறுபடியும் மனை கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.