விலைமதிப்பற்றது

'விலைமதிப்பற்றது' என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். விலை சொல்லி அடங்காத உயர்வு என்று பொருள். 'மதிப்பே இல்லாதது' என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம் என்பதை 2024 ஜனவரியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம்தான் எனக்குக் கற்றுத்தந்தது.

வண்டி அப்பாவுடையது. 1972ஆம் ஆண்டு அம்பாசிடர், மார்க் 2. உப்பு வியாபாரம் செய்துவந்த அப்பா 1985இல் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபரில் என்பதால், அதன் பதிவு எண் இன்றும் திருநெல்வேலியையே சொல்லும். எங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு இரும்பைக் கண்டால் ஆகாது. ஞாயிறுதோறும் அப்பா நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவி, அடிப்பாகத்தில் எண்ணெய்த் துணியால் துடைப்பார். "உப்பு நமக்குச் சோறு போடும், வண்டியைத் தின்னும்" என்பார்.

2015இல் அவர் மறைந்த பிறகு வண்டி என் பொறுப்புக்கு வந்தது. புதுப்பிக்கும் நாளில் முகவர் ஆண்டுதோறும் கேட்பார்: "ஐ.டி.வி. எவ்வளவு போடலாம் சார்?" வண்டி முழுதாக அழிந்தாலோ களவு போனாலோ நிறுவனம் தர ஒப்புக்கொள்ளும் தொகை அது. புது வண்டிக்கு அதைக் கணக்கிட அட்டவணை இருக்கிறது: முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம் கழிவு, நான்கு ஆண்டு தாண்டினால் 50 சதவீதம். ஐந்தாண்டைக் கடந்த வண்டிக்கு அட்டவணை கிடையாது. உரிமையாளரும் நிறுவனமும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த உரிமையை நான் பயன்படுத்திய விதத்தைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "முப்பதாயிரம் போடுங்கள், பிரீமியம் குறையட்டும்" என்றேன்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் மழையை இந்தப் பக்கத்தார் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் வண்டி இருக்கை மட்டத்துக்கு மூழ்கி மூன்று நாள் நின்றது. அப்பா காலத்து மெக்கானிக் அண்ணாச்சி முழங்கால் நீரில் நடந்து வந்து சொன்ன முதல் சொல், "சாவியப் போட்ராதீங்க தம்பி. எஞ்சினுக்குள்ள தண்ணி ஏறியிருக்கும். ஒருவாட்டி திருகுனா கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்." அப்படித் திருகிக் கெடுத்தால் அது உரிமையாளரின் தவறு என்று காப்பீடும் கைவிரித்துவிடும்.

சர்வேயர் வந்தார், படம் எடுத்தார். பழுதுபார்க்க ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும் என்று கணக்கு வந்தது. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பு என்பது விதி. முப்பதாயிரத்தில் 75 சதவீதம் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. இருக்கைகளுக்கு உறை தைக்கவே அவ்வளவு ஆகிவிடும்! விதிப்படியான பிடித்தம் போக மீதியைத் தருவார்கள். வண்டி பழைய இரும்புக்குப் போகும். எஞ்சின் மாற்றப்படாதது, கதவுகள் ஆலையில் வந்தவை, 2014இல் உற்பத்தியே நின்றுபோன வண்டி இது என்றெல்லாம் வாதாடினேன். அந்த இளைஞர் மரியாதையாகவே பாலிசியைத் திருப்பிக் காட்டினார்: "இது நீங்க சொன்ன விலைதானே சார்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கைப்பணத்தில் வண்டியைச் சரிசெய்தேன்.

அன்றிரவு நினைவுக்கு வந்தது எங்கள் ஊரின் முத்துக்குளிப்பு. 1961இல் கடைசியாகக் குளித்தார்கள். முத்தைத் தரம் பிரிக்க வணிகர்கள் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000 துளை. அளவு பிரித்த பின் உருண்டையும் ஒளியும் பார்த்து, கழஞ்சிலும் மஞ்சாடியிலும் நிறுத்த பிறகே விலை. காற்று, மண், கல், நீர் இவற்றால் முத்துக்கு நேரும் குற்றங்களை இளங்கோவடிகள் ஊர்காண் காதையில் சொல்லியிருப்பதைப் பாடமாக நடத்துபவன் நான். வீட்டில் நின்ற வண்டியை ஒரு சல்லடையிலும் இட்டுப் பார்க்கவில்லை.

பழைய வண்டிக்குச் சட்டமும் ஒரே சல்லடை வைத்திருக்கவில்லை. 2002ஆம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகளில் 'வின்டேஜ்' சலுகை 1940 முடிவுக்குள் செய்யப்பட்ட கார்களுக்கே. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பதாண்டு கடந்து, உருமாறாத வண்டி வின்டேஜ் ஆகலாம்; 'விஏ' எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கன்றிச் சாலையில் ஓட்டக்கூடாது. ஞாயிறு மாலை அம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துப்போகும் வண்டியை நான் அப்படிப் பதியவில்லை.

வேறொன்று செய்தேன். பழுது முடிந்ததும் மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்து அறிக்கை வாங்கினேன். எஞ்சின் எண், சேசிஸ் எண், அடிப்பாகம் உட்பட நாற்புறப் படங்கள், அப்பா சேர்த்துவைத்த பட்டறை ரசீதுகள் எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்தன. அதைக் காட்டிப் பேசியதில் ஐ.டி.வி. இரண்டரை லட்சத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். நனைந்த பிறகு சொல்லும் விலையை யாரும் கேட்பதில்லை.

"வித்தா அவ்வளவு கிடைக்குமாங்க?" என்றாள் மனைவி.

விற்கப் போவதில்லை என்றேன். அப்பாவின் வண்டிக்கு நானே முப்பதாயிரம் என்று எழுதிக் கையெழுத்திட்ட பழைய பாலிசியும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. எடுத்துவிட மனம் வரவில்லை.