ராஜினாமாவுக்கு முன்: சில குறிப்புகள்

சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் ஆளை அனுப்பும்போது 'டெர்மினேஷன்' என்ற பேச்சே பெரும்பாலும் வராது. எச்.ஆர். கூப்பிடுவார். சின்ன மீட்டிங் அறை, மேஜையில் இரண்டு காகிதம். ஒன்று ராஜினாமா. இன்னொன்று, வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது, இனி கம்பெனி மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் பேக்கேஜும் ரிலீவிங் லெட்டரும் உண்டு. நாளைக்கு என்றால் உத்தரவாதம் இல்லை. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அந்த நாற்காலியில் நிதானம் எங்கிருந்து வரும்? அந்த அறைக்குள் வைத்துக் கையெழுத்துப் போடவே கூடாது. "வக்கீலிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லி எழுந்து வர எல்லோருக்கும் உரிமை உண்டு.

*

பிரிட்டனில் இதை ஊழியரின் துணிச்சலுக்கு விட்டுவைக்கவில்லை. அங்கே 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டப்படி, கம்பெனியைச் சாராத சட்ட ஆலோசகர் ஒருவர் ஊழியருக்கு விளக்கிச் சொல்லியிருந்தால்தான் இப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லும். யோசிக்கக் குறைந்தது 10 நாள் கொடுக்கச் சொல்கிறது, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் அக்காஸ் அமைப்பின் நெறிமுறை. வக்கீல் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கம்பெனியே தருவதும் அங்கே வழக்கம். நம் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. இருக்க வேண்டும். வரும்வரை அந்த அவகாசத்தை நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

*

ராஜினாமாவில் கம்பெனிக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? கணக்குப் போட்டால் தெரியும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டப்படி ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியம், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம், அதற்கு மேல் மறுதிறன் நிதியாக இன்னொரு 15 நாள் ஊதியம். எட்டு ஆண்டு உழைத்தவருக்கு ஏறக்குறைய ஐந்தரை மாத ஊதியம் வருகிறது. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பே இல்லை. பேக்கேஜ் என்று நீட்டுகிற தொகையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பேசத் தொடங்க வேண்டும்.

*

"நான் இன்ஜினியர், தொழிலாளர் சட்டம் எனக்கு எப்படிப் பொருந்தும்?" என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். சட்டம் சொல்லும் தொழிலாளர் வரையறையில் தொழில்நுட்ப வேலையும் சேர்த்தி. விசிட்டிங் கார்டில் லீட், மேனேஜர் என்று இருப்பது முக்கியமில்லை. அன்றாடம் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். 2015 ஜனவரியில் சென்னை டி.சி.எஸ்.ஸில் வேலை பறிபோன கர்ப்பிணி ஊழியர் ஒருவர் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போய் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார். உண்மையிலேயே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு வழி வேறு, வேலை ஒப்பந்தத்தை வைத்து வாதாட வேண்டியிருக்கும். இந்த இரண்டில் தான் எந்தப் பக்கம் என்பதுதான் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. காலக்கெடுவும் உண்டு: இரண்டு ஆண்டு தாண்டினால் சமரச அதிகாரி தகராறைக் கையில் எடுக்க மாட்டார்.

*

கடைசி வேலை நாள் எது என்பதில் பணம் இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்ற மெட்ராஸ் உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பலர் அறிவதில்லை. தேதியை இரண்டு வாரம் தள்ளிக் கேட்பது சில பேருக்கு லட்சக்கணக்கில் வித்தியாசம்.

தருகிற தொகைக்கு என்ன பெயர் என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 5 லட்சம் வரையும் விடுப்புச் சம்பளத்துக்கு 25 லட்சம் வரையும் வரிவிலக்கு உண்டு. ராஜினாமாவோடு வரும் 'எக்ஸ்-கிரேஷியா' சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போய்விடும். எஃப் அண்ட் எஃப் எனும் இறுதிக் கணக்குத் தொகை 45 நாளில் வரும் என்பது கம்பெனிகளின் பழக்கம். ஊதியத் தொகுப்புச் சட்டம் கொடுக்கிற கெடு இரண்டு வேலை நாள்.

*

போட்டிக் கம்பெனியில் ஓராண்டு சேரக் கூடாது என்ற நிபந்தனை வேலையை விட்ட பிறகு செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. அந்த தைரியத்தில், வேலையில் சேரும்போது எழுதிக் கொடுத்த பாண்டையும் தூக்கி எறிந்துவிட முடியாது. மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனியின் கோடு, வாடிக்கையாளர் விவரம் ஆகியவற்றின் ரகசியம் காக்கும் கடமையும் வேலையோடு முடிவதில்லை.

*

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றா? கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. மிரட்டியோ, மேலிருந்து அழுத்தியோ வாங்கிய சம்மதத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யார் நம்புவார்கள்? அன்று இரவே சொந்த மின்னஞ்சலிலிருந்து எச்.ஆருக்கு எழுதிவிட வேண்டும்: யார் கூப்பிட்டார், என்ன சொன்னார், எத்தனை மணிக்கு, ஏன் கையெழுத்துப் போட்டேன்.

*

பத்திரப் பதிவுக்குப் போகிற குடும்ப வக்கீல் இதற்குப் போதாது. லேபர் கேஸ் நடத்துகிறவரைத் தேட வேண்டும். ஐ.டி. ஊழியர் சங்கங்களான யுனைட், ஃபைட் இரண்டிலும் விசாரிக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அரசின் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். சட்டம் 1987இலிருந்தே இருக்கிறது, ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண்கள் எத்தனை பேருக்கு இதைச் சொன்னோம்? அழைக்க வேண்டிய எண் 15100.

வக்கீலிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், அப்ரைசல் கடிதங்கள், அந்த இரண்டு காகிதங்களின் நகல். லேப்டாப் முடங்கிய பிறகு இவை கைக்குக் கிடைக்காது. எடுத்து வைப்பது தன்னுடைய ஆவணங்களாக மட்டும் இருக்கட்டும்; ப்ராஜெக்ட் கோப்பு ஒன்று தவறி உள்ளே வந்துவிட்டாலும் வழக்கே திசைமாறிப் போகும்.